அக்காவின் அறைக்கு வந்த தண்ணீர்

எங்கள் வீட்டின் முதற்கணக்கு ஆஸ்பத்திரிக் கதிரை ஒன்றில் போடப்பட்டது. சாய்ந்து படுக்கக்கூடிய, கைபிடிகளில் வெடிப்பு விழுந்த நீலக் கதிரை. அக்காவின் இடக்கையிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டு, சிறுநீரகத்தின் வேலையைச் செய்கிற இயந்திரத்துக்குள் போகும். ஒன்றில் இரத்தம் போகும். மற்றதில் சுத்தமாகித் திரும்பி வரும். அவ்வளவு நேரமும் அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலக்கை சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கை கணக்குப் போட்டது.

"அடுத்தது சொல்லு," என்பாள், தொலைபேசித் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

நான் சொல்வேன். வீட்டு விலையில் நாங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு. வீட்டை மதிப்பிட வங்கி கேட்கிற காசு. லோயருக்கு. வீட்டைச் சோதித்துச் சொல்லுகிற இன்ஸ்பெக்டருக்கு. சாமான் ஏற்றுகிற லொறிக்கு. நிலம் கைமாறுவதற்கு மாகாணம் எடுக்கிற வரி. அதே நிலம் அதே நாளில் கைமாறுவதற்கு ரொறன்ரோ நகரம் தனியாக எடுக்கிற வரி. நகரத்தின் எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி அந்தப் பக்கம் வாங்கியிருந்தால் இந்த இரண்டாவது இல்லை. அக்காவின் பெருவிரல் அந்த இடத்தில் நின்றது.

"ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரர்," என்றாள். பிறகு தட்டினாள்.

பக்கத்துக் கதிரையில் படுத்திருந்த பிலிப்பினோ அம்மா ஒருத்தி எங்கள் மொழி தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். ஒருவேளை கணக்கு எல்லா மொழியிலும் ஒரே முகத்தோடுதான் போடப்படுகிறதோ என்னவோ.

அக்கா எங்கள் குடும்பத்தில் இந்த நாட்டுக்கு முதல் வந்தவள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் நின்று நின்று, என்னைக் கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிட்டுக் கடைசிவரை பார்த்தாள், எனக்குக் கலியாணம் செய்து வைத்தாள். எல்லாரையும் கூப்பிட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தனக்கென்று ஒருவரைக் கூப்பிடுகிற வயது அவளுக்குத் தாண்டியிருந்தது. சீட்டுப் பிடித்தாள். ஆளுக்கு மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கிற எங்கள் சனத்தின் சீட்டு. அக்காவிடம் போட்ட காசு ஒருவருக்கும் தவறியதில்லை. தரவேண்டிய நாளில் தராதவர்களின் வீட்டு வாசலில் பனிச்சப்பாத்தோடு போய் நிற்பாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள். "இல்லை, காலிலை பனி, உங்கடை கார்ப்பெற் பழுதாப்போகும்," என்பாள். காசு தன்பாட்டில் வெளியே வரும்.

பிறகு சிறுநீரகங்கள் தவறின.

கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. போனால் அரைநாள், வந்தால் அடுத்த அரைநாளும் அவள் கட்டிலில். போன பனிக்காலம் கதிரையில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் விழத் தொடங்கியது. கண் சொருகி, முகம் சாம்பல் பூத்து, தாதிகள் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடிப்பார்கள். டொக்டர் எங்களை அழைத்துச் சொன்னார்: இவ்வளவு தண்ணீரை ஒரேயடியாக இழுப்பதை இவருடைய இதயம் தாங்கவில்லை, வீட்டில் வைத்து மெதுவாக, அடிக்கடி செய்தால் தாங்கும். வயிற்றுக்குள் நீர் விட்டு இரத்தத்தைச் சுத்தமாக்குகிற மற்ற முறைக்கு, அவளுக்கு முன்பு நடந்த சத்திரசிகிச்சை ஒன்று இடம்விடவில்லை. இயந்திரத்தை ஆஸ்பத்திரி தரும், கொண்டுவந்து பொருத்தும், பழக்கியும் விடும். வீட்டுக்குள் அதற்குப் போதுமான தண்ணீரும் கரண்டும் வருவது மட்டும் எங்கள் பொறுப்பு.

நாங்கள் அப்போது வெக்ஸ்போர்ட்டில் ஒரு உயரக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். குழாயைத் தொட விடமாட்டோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கீழ்மாடியில் ஒழுகினால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளால் மனிதர்கள் சாகிறதும் உண்டு.

ஆகவே வீடு.

மற்றவர்கள் வீடு என்று சொல்லும்போது அவர்களுடைய கண்ணில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. புல், கராஜ், விருந்தினருக்கு ஒரு அறை, பேஸ்மென்றில் வாடகைக்கு ஒரு குடும்பம். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிலமட்டத்தில் ஒரு அறை. அதன் சுவரில் ஒரு குழாய். அதைத் திறந்தால் அடித்து வருகிற தண்ணீர். வீட்டின் மற்றப் பாகமெல்லாம் அந்தக் குழாயைச் சுற்றிக் கட்டிய சுவர்.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கம் பார்த்தோம். புது வீடுகள், புதுக் குழாய்கள், சாம்பிராணி மணக்கும் வாசல்கள். எல்லாம் எட்டாத உயரம். என் கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் களஞ்சியத்தில் வேலை. அங்கிருந்து ரூஜ் ஒரு நாட்டின் நீளம். கடைசியில் வெக்ஸ்போர்ட்டிலேயே, எங்கள் உயரக் கட்டடத்தின் யன்னலிலிருந்து இத்தனை வருடமாகக் கூரை மட்டும் தெரிந்த ஒரு சின்னச் செங்கல் வீடு விற்பனைக்கு வந்தது. படி ஏறத் தேவையில்லாத வீடு. யாரோ ஒரு நாய் நெடுங்காலம் படுத்திருந்த மணம். பின்பக்கத்து அறைக்குக் காலை வெயில் வந்தது. அக்கா அந்த அறையின் நடுவில் நின்று, சுவரில் கையை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

கூட்டிக்கொண்டு வந்த வீட்டு ஏஜென்ற் எங்கள் சனத்துப் பெடியன். வாய் ஓயாதவன். "அன்ரியும் ஒண்டு வாங்குங்கோவன், பக்கத்து வீடும் வரப்போகுது," என்றான்.

"எனக்கு ஏற்கெனவே ஒண்டு வாங்கிக் கட்டி முடிச்சிட்டன் தம்பி," என்றாள் அக்கா. "சின்னன்தான். மூடி ஒண்டும் இருக்கு."

அவன் விளங்காமல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அக்கா தன் செத்தவீட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டியிருந்தாள். இறுதிச்சடங்கு நடத்துகிற மலர்ச்சாலையில் போய் இருந்து, பெட்டியைத் தெரிந்தெடுத்து, வாகனம், மண்டபம், எரிப்பது, பூ, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வரைக்கும் பேசி, மாதாமாதம் கட்டி முடித்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. சீட்டுக் காசை நாள் தவறாமல் கொடுத்து முடித்தவளின் பெருமை. 'என்ரை செலவு ஒருத்தருக்கும் வராது' என்று அடிக்கடி சொல்வாள். அந்த வசனத்தை அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழும்பி வேறெங்காவது போய்விடுவேன்.

இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைத் தட்டிப் பார்த்தார். வயிற்றைத் தட்டிப் பார்க்கிற டொக்டர் மாதிரித்தான். கூரை இன்னும் பத்து வருடம் தாங்கும் என்றார். சுவர் நல்லது. அத்திவாரம் நல்லது. பிறகு குனிந்து, டோர்ச் அடித்து, வீதியிலிருந்து உள்ளே வருகிற தண்ணீர்க் குழாய் வீடு கட்டிய காலத்து இரும்பு என்றார். ஓரிடத்தில் குழாயைத் திறந்தால் மற்ற இடத்தில் தண்ணீர் நூலாகிவிடுகிறது. கரண்ட் பெட்டியும் பழையது. அது ஒரு இயந்திரத்தைக் கூடுதலாகத் தாங்காது. காப்புறுதிக் கொம்பனி ஒன்று அந்தப் பெட்டியின் படத்தைப் பார்த்தே மாட்டோம் என்றது. இன்னொன்று, மாற்றுவதாகக் கையெழுத்து வைத்தால் சரி என்றது. காப்புறுதி இல்லாமல் வங்கி காசு விடாது. கையெழுத்து வைத்தோம்.

குழாயும் கரண்ட் பெட்டியும் அக்காவின் கணக்கில் கடைசி வரியாய் ஏறின. அதற்கு எதிரே போட எங்களிடம் காசு இல்லை.

இந்த இடத்தில்தான் என் கணவர் அந்த வசனத்தைச் சொன்னார். அவர் நல்ல மனிதர். அவசரப்பட்டுப் பேசுகிறவர் அல்ல. தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"குடிபூரல் வருதுதானே."

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோகிற நாளுக்கு எங்கள் சனம் ஒரு மண்டபம் நிரம்ப வரும். வருகிற ஒவ்வொருவரும் காசு வைத்த ஒரு என்வலப் தருவார்கள். இந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நாங்கள் போகாத குடிபூரல் இல்லை. மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன். பனிப்புயலிலும் போயிருக்கிறோம், வேலையை விட்டுப் போயிருக்கிறோம். போன இடமெல்லாம் என்வலப்பை வைத்துவிட்டு, சோற்றைச் சாப்பிட்டு, மற்றவர்களின் குசினி மேடைக் கல்லைத் தடவிப் பார்த்து, வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறோம்.

அக்கா தலையாட்டவில்லை. "தம்பி, சனம் தாறது வருமானமில்லை. அதுவும் ஒரு சீட்டுத்தான். நீங்கள் போட்டதைத்தான் எடுக்கப்போறியள்."

"எடுக்கிற முறை எங்கடைதானே அக்கா."

"சீட்டெண்டால் தராதவன்ரை வாசல்லை நான் போய் நிப்பன். என்வலப்புக்கு ஆரின்ரை வாசல்லை போய் நிக்கிறது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவளிடமும் வேறு வழி இருக்கவில்லை. பெருவிரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலே மிதந்தது. பிறகு இறங்கியது. வராத காசு, வந்த காசின் வரிசையில் போய் இருந்தது. எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு வரவை எழுதியிருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். வங்கியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருந்தால் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்திருப்பாள்.

கார்த்திகையில் ஒரு நாளை ஐயர் குறித்துத் தந்தார். மார்கழி பிறந்தால் குடிபுக ஆகாது. அதற்கு முன் இதுதான் நல்ல நாள். வீடு கைக்கு வருகிற நாளையும் அதற்குத் தோதாக வைத்தோம். வாடகை வீட்டை அந்த மாதக் கடைசியோடு விடுகிறோம் என்று அறிவித்தோம். காலை வீட்டில் பால் காய்ச்சுவது. பின்னேரம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. மண்டபத்துக்கு முற்பணம். சமையல்காரருக்கு முற்பணம்.

வீடு கைமாறுகிறதுக்கு முதல் நாள் லோயரின் கந்தோரிலிருந்து கடைசித் தொகை வந்தது. எங்கள் கணக்கைவிடக் கூட. விற்கிறவர் வருட முடிவுவரைக்கும் கட்டிவிட்ட வீட்டு வரியில் மிச்சப் பங்கை நாங்கள் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். வங்கிக் கடனுக்குப் போட்ட காப்புறுதிக்கு ஒரு வரி. அதைக் கடனோடு சேர்க்க முடியாது, கையில் கட்டவேண்டும். வீட்டின் உறுதிப்பத்திரத்தைக் காக்க ஒரு காப்புறுதி. முதல் வீடு என்பதால் காவல்காரர் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள்; அந்தக் கொஞ்சம் இதற்குள் கரைந்தது. கட்டினோம். கணவரின் காருக்குப் பனிக்கால ரயர் வாங்க வைத்ததும் போனது. சாவியைக் கையில் வாங்கியபோது அது குளிர்ந்து கிடந்தது. வெற்று வீட்டுக்குள் கணவர், நான், எங்கள் மகள் மூன்று பேரும் சப்பாத்தோடு நின்றோம். மகள் குசினிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, யோசித்து யோசித்து.

குடிபூரலுக்குச் சில நாட்கள் இருக்கையில் பிரான்சிலிருந்து அழைப்பு வந்தது. கணவரின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முறைக்கு அவருக்குச் சித்தப்பா. பாரிசுக்கு வெளியே தனியாக இருந்தவர், காலமாகிவிட்டார். கணவர் அவரைக் கண்டது சிறுவயதில். தோளில் தூக்கி வைத்திருக்கிற ஒரு படம் மட்டும் உண்டு. தொலைபேசியை வைத்துவிட்டு அவர் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். எவருக்கும் கடைசியாக மிஞ்சிய சித்தப்பா என்று ஒருவர் இருப்பார்தானே. அவருக்கு அது இவர்.

தகப்பன் வழியில் சாவு. ஆகவே துடக்கு, சாவுத் தீட்டு. கணவருக்கு, கலியாணம் செய்து அந்த வழிக்குப் போன எனக்கு, எங்கள் மகளுக்கு. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை நல்ல காரியம் செய்ய ஆகாது. அது முடியுமுன் மார்கழி பிறந்துவிடும். மார்கழி முடிந்து தை வரவேண்டும்.

ஐயர் தொலைபேசியில் அதைச் சொன்ன விதம், ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்காகச் சத்தமாக வாசிப்பதுபோல இருந்தது.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் அங்கே, நீங்கள் இங்கே, துடக்கு விமானம் ஏறி வருமோ என்றார் ஒருவர். ஐயருக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். கணவர் எல்லாருக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்து நாளை விட்டுவிட்டார். முற்பணத்தில் பாதி வராது என்றார்கள். என்னிடம் அவர் ஒரேயொரு தரம்தான் அதைப் பற்றிப் பேசினார்.

"செத்த மனிசனைக் கணக்கிலையிருந்து கழிச்சுப்போட்டு விருந்து குடுக்கேலாது," என்றார்.

கேட்க வேண்டியதை ஆஸ்பத்திரியிலிருந்து தாதி கேட்டாள். அறை ஆயத்தமா? தண்ணீரைப் பரிசோதிக்க எப்போது ஆள் அனுப்பலாம்? அக்காவின் பயிற்சி முடிகிற நேரம். வீடு ஆயத்தமில்லையென்றால் அந்த இயந்திரம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். பிறகு வசந்தத்தில்தான் பார்க்கலாம். வசந்தம் என்ற சொல்லை அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்தக் கிழமையே அக்காவுக்குக் கதிரையில் அழுத்தம் விழுந்து, இந்த முறை திரும்ப ஏற நெடுநேரம் எடுத்தது. மேலே தொங்குகிற ஒளியைப் பார்த்தபடி கிடந்தாள். உதட்டில் நிறம் இல்லை. நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, வசந்தத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணாமலிருக்கப் பார்த்தேன்.

கடனட்டை நிரம்பியிருந்தது. வங்கி இனித் தராது. கேட்கக்கூடியவர்களிடம் ஏற்கெனவே கேட்டிருந்தோம்.

கண் தெளிந்ததும் அக்கா முதல் கேட்டது, "குழாய்க்காரன் எவ்வளவு எண்டவன்?" என்றுதான்.

சொன்னேன்.

"கரண்டுக்காரனையும் சேர்த்தோ?"

"ஓம்."

இயந்திரம் தன் பாட்டுக்கு முனகியது. "நாளைக்கு வேலை இல்லைத்தானே உனக்கு? என்னை ஒருக்கா மலர்ச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போ."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காததுபோல இருக்கவும் முடியவில்லை. "அக்கா, அது உன்ரை..."

"செத்தாப் பிறகு என்னை வடிவா எரிக்கவெண்டு வைச்ச காசு," என்றாள். "இப்ப என்னைக் கழுவட்டும்."

"பிறகு?"

"பேந்து உங்கடை செலவு. குடிபூரலுக்கு வராத சனம் அதுக்கெண்டாலும் வரும்தானே. என்வலப் வாங்கி வை."

நான் அழுததை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி யன்னல் பக்கம் திரும்பினாள். பிலிப்பினோ அம்மா தன் கம்பளி விரிப்பின் நுனியை எட்டி என் பக்கம் நீட்டினாள்; கண்ணைத் துடைக்கவோ, பிடித்துக்கொள்ளவோ.

மலர்ச்சாலையில் சாம்பல்நிறச் சூட் போட்ட மனிதர் எங்களை இருத்தித் தண்ணீர் தந்தார். அக்கா கிளாசைத் தொடவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். கட்டிய காசைத் திருப்பி எடுக்கலாம், ஒரு தொகை கழித்துக்கொண்டு மிச்சம் வட்டியோடு வரும் என்றார் அவர். கடுதாசியை நீட்டிவிட்டு, கேட்க வேண்டியிருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு, காரணம் கேட்டார்.

"ஐ பாட் எ ஹவுஸ்," என்றாள் அக்கா.

அந்த மனிதருக்கு இந்தத் தொழிலில் எத்தனையோ பதில்கள் பழகியிருக்கும். இதற்கு ஒரு கணம் தடுமாறி, எழும்பி நின்று, கைகொடுத்து வாழ்த்தினார். அந்த அறையில் வாழ்த்துச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவையாய் இருக்கும். திரும்பி வரும் வழியில் அக்கா வழக்கத்தைவிட நிமிர்ந்து இருந்தாள். லோறன்ஸ் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது தானாகவே சொன்னாள், "நல்ல பெட்டி. தேக்கு நிறம்." பிறகு விளக்கு மாறியது.

வாடகை வீட்டை விடுகிற நாள் வந்தது. குடிபூரல் இல்லை. ஆனால் ஒரு வெற்று வீட்டுக்குள் பால் பொங்காமல் எப்படி நுழைவது? நானும் கணவரும் புது வீட்டு வாசலில், பெட்டிகளுக்கு நடுவில், இதைச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தோம். அக்கா கம்பளித் தொப்பியோடு காரிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு பால் பெட்டி.

"தம்பிக்குத் துடக்கு. உனக்கும் பிள்ளைக்கும் துடக்கு," என்றாள். "எனக்கு?"

எங்கள் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கலியாணமாகாதவள், என் கணவரின் வழிக்கு அவள் ஒட்டில்லை. இந்தச் சாவு அவளைத் தொடவில்லை. சுமங்கலியும் புருஷனும் முன்னுக்கு நிற்கிற எத்தனை குடிபூரல்களில் அக்கா குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்றைக்கு அந்த வீட்டுக்குள் பால் காய்ச்சக்கூடிய ஒரே ஆள் அவள்.

"வலதுகாலை வைச்சுப் போங்கோ அக்கா," என்றார் கணவர். வாசலிலிருந்து விலகி வழிவிட்டு நின்றார்.

அக்கா போனாள். தனியாக. வெறும் வீட்டுக்குள் அவளுடைய காலடி பெரிய சத்தமாய்க் கேட்டது. சட்டியை வைத்தாள். காஸ் அடுப்பு பற்றிக்கொண்டது. நாங்கள் குசினி வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"வை ஆர் வி ஸ்டாண்டிங் ஹியர் லைக் கெஸ்ற்ஸ்?" என்று மகள் என் காதுக்குள் கேட்டாள்.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "இண்டைக்கு நீங்கள்தானடி கெஸ்ற். பேசாமல் நிண்டு பார்."

பால் பொங்கி வந்தது. சட்டியின் விளிம்பில் ஒரு நுரை வட்டம் தயங்கி, பிறகு ஒரு பக்கமாய் வழிந்து நெருப்பைத் தொட்டது. கருகிய மணம் நாயின் பழைய மணத்தோடு போய்க் கலந்தது. அக்கா கும்பிடவில்லை. வழிகிற பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பேப்பர்க் கோப்பைகளில் எங்களுக்கு ஊற்றித் தந்தாள். பால் அவளுக்கு ஆகாது, டொக்டர் தடுத்தது. விரலைத் தோய்த்து உதட்டில் மட்டும் வைத்தாள். அந்த வீட்டின் முதல் பாலைக் காய்ச்சியவள் அதைக் குடிக்கவில்லை.

குழாய்க்காரர் வந்து, நிலத்தை உடைத்து, பழைய குழாயை வெட்டி வெளியே எடுத்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினார். வெளியே மொத்தமான இரும்பு. உள்ளே துரு வளர்ந்து வளர்ந்து, ஒரு பென்சில் போகிற இடம் மட்டும் மிச்சம். எத்தனையோ வருடமாக ஒரு குடும்பம் அந்தப் பென்சில் வழியால் குளித்து, சமைத்து, நாயைக் கழுவி வாழ்ந்திருக்கிறது. அக்கா அந்தத் துண்டை வாங்கி ஒற்றைக் கண்ணால் அதனூடாகப் பார்த்தாள். தன் இடது முழங்கைக்குக் கீழே, தோலுக்குள் இரைந்து ஓடுகிற, இயந்திரத்தின் ஊசி ஏறுகிற அந்தத் தடித்த நரம்பின்மேல் மற்றக் கையை வைத்துக்கொண்டாள்.

புதுக் குழாய் செம்பு. திறந்தபோது தண்ணீர் ஒருமுறை இருமி, காற்றைத் துப்பி, பிறகு அடித்து வந்தது. பின்னறைக்குள் அந்தச் சத்தம் முழுதாய் நிரம்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சோதித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது அக்கா அங்கேதான் செய்கிறாள். மெதுவாக, அடிக்கடி, டொக்டர் சொன்னபடி. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதும்போது அந்த இரைச்சல் எனக்குக் கேட்கிறது. நின்றால்தான் எழும்புகிறேன். அழுத்தம் விழுவது குறைந்திருக்கிறது. இல்லாமல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முகத்தில் ஒரு நிறம் வந்திருக்கிறது. சாம்பலுக்கு முந்திய நிறம்.

தை வந்து போய்விட்டது. கடையில், கோயிலில், எப்ப குடிபூரல் என்று சனம் கேட்கிறது. அது முடிஞ்சுது என்கிறார் கணவர். அவர்கள் முகத்தில் ஒரு சின்ன மனக்குறை தெரியும். எங்களை அழைக்கவில்லையே என்ற மனக்குறை, கொடுக்கவேண்டியதைக் கொடுக்க விடவில்லையே என்ற மனக்குறை. எங்கள் முறையை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. அக்காவின் சீட்டில் இப்படி ஒருவரும் விட்டதில்லை.

போன கிழமை முதலாவது தண்ணீர் பில் வந்தது. கரண்ட் பில்லும் அதன் பின்னாலேயே. இரண்டையும் எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, இடக்கை தலையணைமேல் அசையாமல் கிடந்தது. தண்ணீர் பில்லை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, புருவத்தைத் தூக்கினாள். இரண்டு குடும்பம் குளிக்கிற தண்ணீர்.

"இதை நாங்கள் சேர்க்கேல்லை," என்றாள். குற்றம்சாட்டுகிற குரல் இல்லை. தொலைபேசியை எடுத்து வலது பெருவிரலால் தட்டினாள். மாதத்துக்கு இவ்வளவு. கரண்டுக்கு இவ்வளவு. திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் இறங்கின.

"அடுத்தது சொல்லு."

அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் தானே கணக்கிலிருந்து எடுத்துச் செம்பாக்கிச் சுவருக்குள் வைத்துவிட்ட அந்த ஒரு வரி, மலர்ச்சாலைச் செலவு, இனி எங்களுடையது. அது என் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கூரை," என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கூரைக்கு எத்தினை வருசமெண்டவன் அந்த இன்ஸ்பெக்டர்?"

"பத்து."

"பத்தோ," என்றாள். சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு பெருவிரலை இறக்கினாள். "அப்ப இந்த மாசத்திலையிருந்து கொஞ்சம் கொஞ்சமாப் போடுவம். என்ரை பங்கையும் சேர்."